துலா முழுக்குக்கு ஊரோடு சேர்ந்து போக: செட்டிநாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஐப்பசி பிறந்தால் காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரத்தில் மாயவரம் வேன் பேச்சு தொடங்கிவிடும். காவிரியில் துலா முழுக்குப் போட மயிலாடுதுறைக்குக் குழுவாகப் போகிறவர்கள் பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். வண்டி பேசுவதும் பணம் வசூலிப்பதும் ஊரில் யாராவது ஒருவர் தலையில் விழும். அப்படிப் பொறுப்பேற்பவர்கள் கேட்கிற கேள்விகளும், ஊர் வேன்களை ஏற்பாடு செய்து பழகியதில் தெரிந்த பதில்களும் கீழே.

கடைமுழுக்கு அன்றைக்கே போனால்தான் பலனா?

இல்லை. வண்டி பேசுவதற்கு முன்னால் இதைத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பதால் முதலில் இதற்குப் பதில் சொல்கிறேன்.

ஐப்பசி மாதம் முழுவதுமே துலா ஸ்நான காலம். கங்கை முதலான நதிகளெல்லாம் இந்த மாதம் காவிரியில் வந்து நீராடித் தங்கள் பாவத்தைக் கரைத்துக்கொள்கின்றன என்பது ஐதீகம். ஐப்பசி முதல் நாள், அமாவாசை, கடைசிப் பத்து நாள் உற்சவம் என்று மாதம் முழுக்க விசேஷம்தான். கடைசி நாளில், அதாவது நவம்பர் நடுவில், மாயூரநாதர் உட்பட ஊர்க் கோயில்களின் சுவாமிகள் துலாக்கட்டம் என்கிற காவிரித் துறையின் இரு கரையிலும் எழுந்தருள, நண்பகலை ஒட்டித் தீர்த்தவாரி நடக்கும். அதுதான் கடைமுழுக்கு. பஞ்சாங்கத்தில் கடைமுகம் என்று போட்டிருப்பார்கள். கூட்டம் நெரிவது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் கார்த்திகை முதல் தேதி முடவன் முழுக்கு. நடக்க முடியாத பக்தர் ஒருவர் தவழ்ந்து தவழ்ந்து வந்து சேர்வதற்குள் ஐப்பசி முடிந்துவிட்டது. அவர் மனம் உருகி வேண்ட, மறுநாள் முழுகினாலும் அதே பலன் உண்டு என்று ஈசன் வரம் கொடுத்தார் என்பது தலபுராணம். நடக்க முடியாதவர்களுக்காகச் சாமியே ஒரு நாள் தள்ளிக் கொடுத்திருக்கிறார். முட்டி வலியோடு இருக்கிற ஆச்சியைக் கடைமுழுக்குக் கூட்டத்தில்தான் இறக்குவேன் என்று நாம் ஏன் பிடிவாதம் பிடிக்க வேண்டும்?

என் கருத்து இதுதான். குழுவில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள் என்றால் ஐப்பசி நடுவில் ஒரு வார நாளில் போங்கள். இளையவர்கள் கூட இருந்தால், தீர்த்தவாரி பார்த்தே ஆக வேண்டும் என்ற ஆசையும் இருந்தால் கடைமுழுக்குக்குப் போங்கள். முடவன் முழுக்கு இரண்டுக்கும் நடுவான வழி.

எவ்வளவு முன்னால் வண்டி பேச வேண்டும்?

புரட்டாசியிலேயே. தீபாவளி ஐப்பசியில் வருகிறது. 2026இல் அது நவம்பர் 8. அதை ஒட்டியே கந்த சஷ்டி, திருச்செந்தூருக்கு வேன்கள் கிளம்பிவிடும். கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போடும் நாள், அன்றிலிருந்து நல்ல வேன், நல்ல டிரைவர் எல்லாம் சாமிமார்களுக்கே. கடைமுழுக்கு இந்த இரண்டு சீசனுக்கும் இடையில் மாட்டிக்கொள்கிறது. ஒரு வாரம் இருக்கும்போது தேடினால் யாருக்கும் வேண்டாத வண்டிதான் மிஞ்சும்.

எந்த வழி நல்லது? எவ்வளவு தூரம்?

காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக சுமார் 170 கி.மீ. சாப்பாடு, டீ, ஒதுங்குவதற்கு நிற்பது எல்லாம் சேர்த்து நான்கரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர்கள் அதிகம் என்றால் ஐந்து.

தஞ்சாவூர் வரை சிரமம் இல்லை. அதற்கு மேல் நான்குவழிச் சாலையில் கும்பகோணம் ஊருக்குள் போகாமல் தாண்டலாம். நேரம் தின்பது கும்பகோணத்துக்கு அப்புறம் வருகிற பகுதி. திருவிடைமருதூர், ஆடுதுறை, குத்தாலம் என்று ஊர் ஊராகக் கடைத்தெரு வழியே போகிற சாலை அது. விசேஷ நாளில் அங்கே வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துதான் போகும். டிரைவர் 'மூன்றரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன்' என்றால், அந்த வேகத்தில் போக வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி வழியாகவும் போகலாம். புதுவயல் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது தோதான வழி. மழை நாளில் மட்டும் அந்தக் கடைமடைச் சாலைகளின் நிலையை விசாரித்துவிட்டுப் போங்கள்.

எத்தனை பேருக்கு எந்த வண்டி?

கோயில் வரிக்குப் புள்ளிக் கணக்கு, அதாவது ஒரு தம்பதிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கு, சரி. வேனுக்குத் தலைக் கணக்குதான் எடுக்க வேண்டும். 'எங்கள் வீட்டில் ஒரு புள்ளி' என்று பெயர் கொடுத்துவிட்டு, புறப்படும்போது பேரன் பேத்தியோடு நான்கு பேராக வந்து நிற்பது எல்லா ஊரிலும் நடக்கிறது. பெயர், வயது, போன் நம்பர், வீட்டில் இருக்கும் ஒருவரின் நம்பர், தினமும் சாப்பிடும் மருந்து ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள். குழந்தைக்கும் ஒரு சீட் என்று எண்ணுங்கள்.

பன்னிரண்டு, பதினைந்து பேர் என்றால் ஒரு வேன் போதும். முப்பது பேர் சேர்ந்தால் ஒரு பெரிய பஸ்ஸை விட இரண்டு வேன் மேல் என்பேன். பெரிய பஸ்ஸை ஊருக்கு வெகு தூரத்திலேயே நிறுத்திவிடுவார்கள், வேன் கொஞ்சம் கிட்டத்தில் போக வாய்ப்பு இருக்கிறது. ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருக்கும். திரும்பும்போது சீக்கிரம் கிளம்ப நினைப்பவர்களை ஒரு வேனில் அனுப்பிவிடலாம்.

சீட்டில் இரண்டை காலியாக விடுங்கள். ஈரத் துணி மூட்டை, சாப்பாட்டுத் தூக்குகள், தண்ணீர்க் கேன் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். யாருக்காவது தலை சுற்றினால் காலை நீட்டிப் படுக்கவும் அந்த இடம்தான் உதவும்.

தெரிந்தவர் சொந்த வேன் வைத்திருக்கிறார், டீசல் மட்டும் போட்டால் போதும் என்கிறார். போகலாமா?

வெள்ளை நம்பர் பிளேட் வண்டியைப் பணம் கொடுத்து வாடகைக்கு எடுக்காதீர்கள். அப்படி ஓட்டுவது பெர்மிட் விதிக்கு விரோதம். விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி முதலில் அதைத்தான் காரணம் காட்டிக் கையை விரிக்கும். மஞ்சள் பிளேட் வண்டியாகப் பாருங்கள். ஆர்.சி. (பதிவுச் சான்று), எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ், பெர்மிட் நான்கையும் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தேதியைப் பாருங்கள். ஒழுங்காக வண்டி வைத்திருப்பவர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

லோடு வண்டியில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்து போவது வேண்டவே வேண்டாம். எத்தனை பேர் போனாலும், எவ்வளவு கிட்டத்து ஊராக இருந்தாலும்.

வாடகையை எப்படிப் பேசுவது?

நாள் வாடகை, கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் என்று ஐந்தையும் தனித்தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 'எல்லாம் சேர்த்து இவ்வளவு' என்று மொத்தமாகப் பேசினால் திரும்பி வந்ததும் தகராறு.

பெரும்பாலும் ஷெட் டு ஷெட் கணக்குதான் போடுவார்கள். காரைக்குடியில் ஷெட் உள்ள வண்டி தேவகோட்டைக்கு வந்து ஏற்றினால் அந்த 18 கி.மீ.யும், இறக்கிவிட்டுத் திரும்பும் 18 கி.மீ.யும் உங்கள் கணக்கில் ஏறும். போக வர 340, அங்கே சுற்றுவதற்கு ஒரு 40, இந்த ஷெட் கணக்கு எல்லாம் சேர்ந்தால் 400 கி.மீ.யைத் தாண்டிவிடும். புறப்படும் இடத்திலேயே மீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, நள்ளிரவு 12 மணிக்கு அடுத்த நாளாகிவிடுமா என்பதையும் கேளுங்கள். இரவில் கிளம்பினால் இதில்தான் ஒரு நாள் வாடகை கூடுதலாக வந்து நிற்கும்.

முன்பணம் கொடுத்தால், மழையால் பயணம் ரத்தானால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

ராத்திரி 1 மணிக்குக் கிளம்பி, முழுக்குப் போட்டு, அன்றே திரும்பிவிடலாமா?

பல ஊர்களில் இப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் சம்மதம் இல்லை.

டிரைவரின் பக்கமிருந்து பாருங்கள். பகலெல்லாம் வேறு வாடகை ஓட்டியிருப்பார். 1 மணிக்கு ஏற்றி, விடியற்காலை 5 மணி வரை விழித்து ஓட்ட வேண்டும். தூக்கம் கண்ணைச் சொக்குகிற நேரம் அதுதான். நாம் முழுகி, சாமி பார்த்து, சாப்பிட்டு வருகிற வரைக்கும் அவர் வெயிலிலோ மழையிலோ வண்டிக்குள் அரைத் தூக்கத்தில் கிடப்பார். மறுபடி ஐந்து மணி நேரம் ஓட்டம். மோட்டார் தொழிலாளர்களுக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை என்று சட்டமே சொல்கிறது. அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பது நம் பெற்றவர்கள்.

கடைமுழுக்குக்குப் போவதென்றால் முந்தைய நாள் மதியம் சாப்பிட்டதும் கிளம்புங்கள். இருட்டுவதற்குள் வைத்தீஸ்வரன்கோயிலுக்கோ கும்பகோணத்துக்கோ போய்த் தங்கலாம். சித்திரையில் வைத்தீஸ்வரன்கோயிலுக்கு நடந்து போகிற வழக்கம் நம் ஊர்களில் இருப்பதால் அங்கே எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று வீட்டுக்கு ஒருவருக்காவது தெரிந்திருக்கும். அங்கிருந்து மயிலாடுதுறை 15 கி.மீ.க்குள்தான். டிரைவருக்கும் படுக்க ஒரு இடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். வண்டியிலேயே தூங்கிக்கொள்வார் என்று விடாதீர்கள், கொசுக்கடியில் யாரும் தூங்க முடியாது.

சாதாரண நாளில் ஒரே நாள் பயணம் என்றால் காலை 4 மணிக்குக் கிளம்பலாம். 9 மணிக்குள் துறைக்குப் போய், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் புறப்பட்டு, இரவு 8 மணிக்குள் வீடு திரும்பலாம். அதிலும் முந்தைய இரவு வண்டி ஓட்டாத டிரைவராகக் கேளுங்கள்.

நாலைந்து ஊர்க்காரர்கள் சேர்ந்து போகிறோம். வேன் ஒவ்வொரு ஊருக்கும் வருமா?

வரும். ஆனால் அதிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விடும். பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான் என்று வாசல் வாசலாக ஏற்றினால், முதலில் ஏறியவர் புதுக்கோட்டை போவதற்குள்ளேயே களைத்துவிடுவார். காரைக்குடியில் ஒரு இடம், திருச்சி ரோட்டில் கானாடுகாத்தான் விலக்கு மாதிரி ஒரு இடம், இரண்டு போதும். அங்கே வரை கொண்டுவந்து விடுவது அந்தந்த வீட்டுப் பிள்ளைகள் பொறுப்பு. இருட்டில் காத்திருக்கும்போது உட்கார இடமும் வெளிச்சமும் உள்ள இடமாகப் பாருங்கள்.

ரயிலில் போக முடியாதா?

முடியும். இருபது பேர் வரையிலான குழுவுக்கு யோசிக்க வேண்டிய வழிதான். காரைக்குடி – திருவாரூர் பாதை அகலப்பாதையாகி 2019இல் திறந்த பிறகு அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டி வழியாக நேராகப் போக முடிகிறது. புதிய பாம்பன் பாலம் திறந்த 2025 ஏப்ரலில் தொடங்கிய ராமேஸ்வரம் – தாம்பரம் ரயிலும் இந்தப் பாதையில்தான் காரைக்குடியைத் தாண்டி மயிலாடுதுறை போகிறது. மாலையில் ஏறினால் இரவில் இறங்கலாம். அப்புறம் அங்கே தங்கி விடியலில் முழுகலாம். கழிப்பறை இருக்கிறது, சாலை நெரிசல் இல்லை, டிரைவர் தூக்கம் பற்றிய கவலை இல்லை.

சிரமம் திரும்பும் ரயில்தான். தாம்பரத்திலிருந்து வருவது காரைக்குடியை அகாலத்தில் தொடும், ஸ்டேஷனிலிருந்து ஊருக்குப் போக முன்கூட்டியே வண்டி சொல்லி வைக்க வேண்டும். டிக்கெட்டையும் நேரத்தையும் முன்பதிவு திறந்ததுமே பார்த்துவிடுங்கள்.

அரசுப் பேருந்து?

விசேஷ நாளில் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். காரைக்குடி மண்டலமும் கும்பகோணம் கோட்டத்தில்தான் வருகிறது, அதனால் ஆட்கள் சேர்ந்தால் டிப்போவில் மொத்தமாக ஒரு பேருந்து கேட்டுப் பார்க்கலாம். மகளிர் இலவசப் பயணம் சாதாரண நகரப் பேருந்துகளுக்குத்தான், இந்தத் தூரத்துக்குச் செல்லாது.

வேன் துலாக்கட்டம் வரை போகுமா?

சாதாரண நாளில் கிட்டத்தட்டப் பக்கத்தில் போய் இறங்கிவிடலாம். கடைமுழுக்கு அன்று முடியாது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதைப் போலீஸார் அந்தந்த ஆண்டு முடிவு செய்வார்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டியிருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு போங்கள். ஆட்டோக்களும் ஓரளவுக்கு மேல் போகாது.

இறங்கியதும் டிரைவரோடு ஒருவர் கூடவே போய் வண்டி நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டால், அத்தனை கூட்டத்தில் சிக்னல் கிடைக்காமல் ஈரத் துணியோடு தெருத் தெருவாக அலைய வேண்டிவரும்.

துறையில் வயதானவர்களை எப்படிக் கவனிப்பது?

ஐப்பசியில் மேட்டூர்த் தண்ணீரும் மழைத் தண்ணீரும் சேர்ந்து காவிரி பழுப்பாக ஓடும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தண்ணீர் தொடுகிற கடைசி இரண்டு படிகளில் வண்டல் படிந்து வழுக்கும். ஏறும்போதுதான் விழுவார்கள், இறங்கும்போது இல்லை. இறங்கும்போது எல்லோரும் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்து வைப்பார்கள். முழுகி எழுந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நனைந்த புடவை காலைச் சுற்ற, கும்பிட்ட கையோடு மேலே ஏறுவார்கள். அந்த நேரத்தில் பின்னால் ஒருவர் நிற்க வேண்டும். நான்கு பெரியவர்களுக்கு ஒரு இளவட்டம் என்று பிரித்துவிடுங்கள். அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் முடித்த பிறகு முழுகட்டும்.

ஆற்றின் நடுவில் இருக்கும் நந்தி மண்டபம் வரை போகலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம், கரையிலிருந்தே கும்பிடலாம். மூன்று முழுக்குப் போட முடியாதவர்களுக்கு மேல்படியில் உட்கார வைத்துச் சொம்பால் ஊற்றிவிடுங்கள். அதுவும் முழுக்குதான்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முழுகிவிட்டுத்தான் சாப்பிடுவேன் என்று வெறும் வயிற்றோடு நிற்பார்கள். 'ஆயா, ரெண்டு வாய் பால் மட்டும் குடிங்க, சாமி ஒண்ணும் சொல்லாது' என்று உரிமையோடு சொல்லக்கூடிய ஒரு பெண் பிள்ளை கூட இருப்பது நல்லது. நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். உடுத்திப் போன துணியை ஆற்றில் விடக் கூடாது என்பதையும் வேனிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

கூட்டத்தில் யாராவது பிரிந்துவிட்டால்?

ஒரே நிறத் துண்டு எல்லோருக்கும் வாங்கிக் கொடுங்கள், செலவு கொஞ்சம்தான். ஊர்ப் பெயர், இரண்டு போன் நம்பர் எழுதிய சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒவ்வொருவர் இடுப்பிலோ பையிலோ வையுங்கள். சந்திக்கும் இடமாக மாயூரநாதர் கோயில் கோபுரத்தைச் சொல்லாதீர்கள், ஊரே அங்கேதான் நிற்கும். வண்டி நிற்கும் இடத்துக்கும் துறைக்கும் நடுவில் பெயர்ப்பலகை பெரிதாக உள்ள ஒரு கடையைக் காட்டி, 'காணோம்னா இங்கேயே உட்கார்ந்துக்கங்க, நாங்க வருவோம்' என்று சொல்லிவிடுங்கள். தேடிப் போக வேண்டியது தொலைந்தவர் இல்லை, மற்றவர்கள்.

வண்டி எங்கே நின்று கிளம்பினாலும் பெயர் சொல்லி அழைத்துச் சரிபாருங்கள். டீக்கடையில் நின்றாலும்தான். தலையை எண்ணினால் தப்பிவிடும், பெயர் தப்பாது.

மழை பெய்தால்?

பெய்யும். வடகிழக்குப் பருவமழையின் நடு நேரம் அது. 2022 நவம்பரில் கடைமுழுக்குக்குச் சில நாள் முன்னால், பக்கத்துச் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டித் தீர்த்தது. காற்றழுத்தத் தாழ்வு, ரெட் அலெர்ட் என்று வானிலை மையம் சொன்னால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். ஆற்றில் கூடுதலாகத் தண்ணீர் திறந்து, இறங்க வேண்டாம் என்று அறிவித்திருந்தாலும் அப்படியே. ஐப்பசி முப்பது நாளும் நமக்கு இருக்கிறது. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஷீட், மாற்றுத் துணி இரண்டு செட், ஈரத் துணிக்குத் தனிப் பை கட்டாயம்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போகவா, அங்கே பார்த்துக்கொள்ளவா?

காலைக்கும் மதியத்துக்கும் கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரை தாங்கும், தயிர்சாதத்தைப் பால் ஊற்றிப் பிசைந்து கொண்டுபோனால் மதியம் சரியாக இருக்கும். சீடை, முறுக்கு வேனில் கொறிக்க. தண்ணீர் மட்டும் தாராளமாக. வழியில் ஒதுங்க வேண்டியிருக்கும் என்று பயந்து பெரியவர்கள் தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கழிப்பறை சுத்தமாக உள்ள பெட்ரோல் பங்கில் வண்டி நிற்கும் என்று புறப்படும்போதே அறிவித்துவிட்டால் தைரியமாகக் குடிப்பார்கள்.

போன இடத்தில் வேறு எங்கெல்லாம் போகலாம்?

மயிலாடுதுறையிலேயே மாயூரநாதர் – அபயாம்பிகை, வடகரையில் வள்ளலார் கோயில், திருஇந்தளூர் பரிமள ரங்கநாதர். அதோடு வைத்தீஸ்வரன்கோயில். ஒரு நாளுக்கு இது தாராளம்.

பூம்புகார் 25 கி.மீ.க்குள் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிற நகரத்தார் வீட்டுப் பெரியவர்கள் அதைக் கேட்பார்கள். காவிரி கடலில் சேருகிற இடத்தைப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான். இரவு தங்குகிற பயணம் என்றால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திருநள்ளாறு போக வேண்டும் என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். அது காரைக்கால், அதாவது புதுச்சேரி எல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பெர்மிட் உள்ள வேன் என்றால் எல்லையில் சிக்கல் வரும். போவதாக இருந்தால் வண்டி பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

பெயர் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் வராதவர்களின் பணத்தை என்ன செய்வது?

வேன் வாடகை ஆள் குறைந்தால் குறையாது. அதனால் வண்டிச் செலவைத் திருப்ப முடியாது, சாப்பாட்டுக்குக் கட்டியதைத் திருப்பித் தரலாம் என்று வசூலிக்கும்போதே சொல்லிவிடுங்கள். உடம்பு முடியாமல் நின்றவர் என்றால், அவர் பங்கை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ளும் ஊர்களும் உண்டு, அது உங்கள் குழுவின் மனசு. காத்திருப்போர் பட்டியலில் இரண்டு மூன்று பெயர் வைத்திருந்தால் பெரும்பாலும் இந்தப் பேச்சே வராது. ஊர் திரும்பிய மறுநாளே டீசல், டோல், பேட்டா, பார்க்கிங் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் குழுவில் போட்டுவிடுங்கள். மீதியிருந்தால் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.